சிற்றலையின் இன்பம்

கண்டிவாழ் நேயர்களுக்கு அலையென்பது ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அமைத்த வாவியின்மீது காற்று எழுப்பும் நெளிவேயாகும். மகியங்கனை, மொனராகலை வழியே கிழக்கே சென்றால் அறுகங்குடா தோன்றும். கோடைத் திங்கள்களில், தொலைவான தென்சமுத்திரப் புயல்கள் எழுப்பிய அலைகள் அங்கே கரைசேருகின்றன. தென்மேற்குப் பருவக்காற்று நிலத்திலிருந்து கடல்நோக்கி வீசி அவற்றைச் சீராக்குகின்றது.

இடுப்பளவு அலைக்கு ஏற்றது, ஒன்பதடி நீளமுள்ள சறுக்குப்பலகை. நீளமும் அகலமும் மிதப்பைப் பெருக்குவதால், குறும்பலகையை நகர்த்தமாட்டாத மெல்லலையும் இதனை ஏந்திச் செல்லும். புதியவரும் முதியவரும் அதன்மேல் நிதானமாக எழுந்து நிற்கலாம்.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை அக்கரையைச் சூறையாடியது. கடலை அஞ்சிய உள்ளத்துக்கு அதனோடு மீண்டும் உறவாடக் கற்பிப்பவை பெரிய அலைகளல்ல; பலகையைக் கரைவரை மெல்லச் சுமந்துவரும் சிற்றலைகளேயாம்.