கல்லின் இறுக்கமும் கிணற்றின் ஊற்றும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. தெல்லிப்பழைப் பக்கமாய்த் தோன்றி அராலியை நோக்கிச் செல்லும் வழுக்கியாறும் மாரி ஓய்ந்தால் வறண்டு போகும். ஆயினும் தெல்லிப்பழைத் தோட்டங்களில் வெங்காயமும் புகையிலையும் விளைகின்றன. செம்மண்ணின் கீழே கிடக்கும் சுண்ணாம்புக்கல்லே இதற்குக் காரணம். மயோசீன் காலத்தில் கடலடியில் படிந்த அக்கல் மாரிநீரை ஏற்று வைத்திருந்து, கோடையில் கிணறுகளுக்கு விடுகின்றது.

தட்டினால் கணீரென ஒலிக்கும் கல்லினுள் நீர் எவ்வாறு நடமாடுகின்றது? வழிகள் இரண்டு உள. கரியமிலவாயுவை ஏற்ற மழைநீர் நெடுங்காலம் கல்லைக் கரைத்து ஆக்கிய குடைவுகள் ஒன்று; புத்தூர் நிலாவரைக் கிணறு இதற்குப் பெயர்பெற்ற சான்று. மயிரிழை போன்ற வெடிப்புகள் மற்றொன்று. நீரைச் செல்லவிடும் இத்தன்மையையே ஊடுபுகவிடுமியல்பு என்பர்.

பாரத்தின் முன்னே இவ்விரு வழிகளும் ஒரு தன்மையன அல்ல. உருண்ட குடைவு, வளைவு மாடம்போலச் சுமையைத் தாங்கி நிற்கும். தட்டையான வெடிப்போ சிறிது நெருக்கினாலும் ஒடுங்கிவிடும். அதன் அகலம் பாதியானால் செல்லும் நீர் பாதியாகக் குறையும் என்று எண்ணுதல் இயல்பு. உண்மையில் அது எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஏனெனில் நீரோட்டம் அகலத்தின் கனத்தைப் பொறுத்தது.

மேலுள்ள சுமையைக் கல் மட்டும் தாங்குவதில்லை. துளைகளில் நிறைந்த நீரும் தன் அமுக்கத்தால் ஒரு பங்கைத் தாங்குகின்றது. 1920களில் இதனை நன்கு விளக்கியவர் கார்ல் தெர்சாகி என்னும் பொறியியல் அறிஞர். நீரை இறைக்க இறைக்க அதன் அமுக்கம் குறையும், நீர் கைவிட்ட சுமை கல்லின்மேல் ஏறும், வெடிப்புகள் நெருங்கும். கலிபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் நிலத்தடி நீரை மிகுதியாக இறைத்ததனால் களிப்படைகள் அமுங்கி, 1925க்கும் 1977க்கும் இடையில் ஓரிடத்தில் தரை ஏறத்தாழ 9 மீற்றர் தாழ்ந்தது. அமுங்கிய களி பின்னர் நீர் ஊட்டினாலும் பெரும்பாலும் மீள்வதில்லை. இதன் மறுதலையும் நிகழ்ந்தது. டென்வர் நகருக்கு அருகே 1962இல் ஆழ்துளை வழியாகக் கழிவுநீரைச் செலுத்தத் தொடங்கினர். உள்ளமுக்கம் ஏறிப் பாறைப் பிளவுகள் நழுவ, நிலம் நடுங்கிற்று.

தெல்லிப்பழையிலும் தரை இவ்வாறு தாழுமோ என்று நேயர்கள் அஞ்சவேண்டுவதில்லை. இங்குள்ளது களியன்று, வன்கல், கிணறுகளும் ஆழமற்றவை. ஆகவே இறைப்பினால் வெடிப்புகள் ஒடுங்கும் அளவு சிறிதே. கோடையில் ஊற்றுக் குறைந்தால் கல் இறுகிவிட்டதென்று சொல்வது பொருந்தாது. நீர்மட்டம் இறங்கியதே காரணம்.

அஞ்சத்தக்கது வேறொன்று. குடாநாட்டின் நன்னீர், கல்லினுள்ளே உவர்நீரின்மேல் மிதக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே 1 அடி குறைந்தால், காலப்போக்கில் கீழிருந்து உவர் 40 அடி ஏற இடமுண்டு. துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதரின் களைப்பே இதற்கொரு காவலாயிருந்தது. இயந்திரத்துக்குக் களைப்பில்லை.

ஊற்றுப் போதாதபோது கிணற்றடியில் வெடி வைத்து ஆழப்படுத்துவது வழக்கம். வெடியின் அதிர்ச்சியால் புதிய பிளவுகள் திறந்து நீர் பெருகுவதும் உண்மையே. ஆனால் நன்னீருக்குத் திறந்த பிளவு உவர்நீருக்கும் வழிவிடும். பெயர்ந்த கல்விளிம்புகள் முன்போல் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. அவற்றை மீண்டும் அமுக்கி மூடும் அளவுக்கு அத்துணைக் குறைந்த ஆழத்தில் பாரமும் இல்லை.