முகவரியில் எத்தனை சொல் வேண்டும்?

இணையத்தில் கடை விரிப்போம் – 9

ஏற்காட்டுக்குக் கிளம்புகிறவர் அடிவாரத்தில் முதல் கொண்டை ஊசி வளைவைத் தொடுவதற்கு முன்பே, எங்கே தங்குவது, எங்கே நல்ல காபித்தூள் வாங்குவது என்பதையெல்லாம் கைப்பேசியில் தேடி முடித்திருப்பார். அந்தத் தேடலில் நம் பெயர் முன்னால் வர வேண்டும் என்று, நான்கு அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்துகிறவருக்கும், சிறு தோட்டத்தில் காபியும் மிளகும் போட்டிருப்பவருக்கும் ஆசை இருப்பது நியாயம்தான்.

அந்த ஆசையைக் காசாக்கும் ஒரு பேச்சு உண்டு. "வெப்சைட் முகவரியிலேயே ஏற்காடு, பெஸ்ட், சீப், ரூம், ஹோட்டல் எல்லாவற்றையும் சேர்த்துவிடுவோம். கூகுளில் முதல் பக்கம் உறுதி." இதை நம்பிப் பணம் கட்டுவதற்கு முன் இந்த வாரக் கட்டுரையைப் படித்துவிடுங்கள். சென்ற வாரம் பக்கத்தின் தலைப்பைப் பார்த்தோம், இப்போது முகவரி.

வலைமுகவரியில் நம் கையில் இருப்பவை இரண்டு பகுதிகள். முதலாவது டொமைன். அது ஆண்டுதோறும் பணம் கட்டிப் புதுப்பிக்கும் பெயர். இரண்டாவது, அதற்குப் பின்னால் சாய்கோடு போட்டு வரும் பக்கப் பாதை. தேடுகிறவர் தட்டும் சொல்லை இந்த இரண்டிலும் வைத்தால் தேடுபொறி நம்மை மேலே தூக்கும் என்பதுதான் அந்தப் பேச்சின் அடிப்படை.

இது முழுப் பொய் அல்ல, காலாவதியான உண்மை. ஒரு காலத்தில் மக்கள் தேடும் சொற்றொடரையே அப்படியே டொமைனாகப் பதிவுசெய்து, உள்ளே உருப்படியாக எதுவும் எழுதாமலேயே மேலே வந்தவர்கள் உண்டு. 2012 செப்டம்பர் இறுதியில் கூகுள் இதற்கு ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தது. தேடுசொல்லையே டொமைனாக வைத்துக்கொண்டு தரமில்லாமல் இருக்கும் தளங்கள் இனி கீழே போகும் என்று அந்நிறுவனத்தின் மாட் கட்ஸ் அறிவித்தார். பக்கப் பாதையில் வரும் சொற்களுக்குத் தரப்படும் எடை மிகவும் சிறியது என்று கூகுளின் ஜான் மியூலர் பலமுறை விளக்கியிருக்கிறார். கூகுள் 2024இல் திருத்தி வெளியிட்ட தொடக்க வழிகாட்டியும், டொமைனிலோ பாதையிலோ இருக்கும் தேடுசொற்களால் மட்டும் தரவரிசையில் ஏறக்குறைய எந்தப் பயனும் இல்லை என்றே சொல்கிறது. 2025 ஜனவரி முதல் கைப்பேசித் தேடல் முடிவுகளில் பக்கப் பாதையைக் காட்டுவதையே கூகுள் நிறுத்திவிட்டது. டொமைன் மட்டும்தான் தெரிகிறது.

அப்படியானால் முகவரி எப்படி இருந்தாலும் பரவாயில்லையா? இல்லை. முகவரியை வாசிக்கிற மனிதர்களுக்காக அதைக் கவனித்து அமைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் ஒருவர் நம் பக்கத்தைத் தம்பிக்கு அனுப்பும்போது போய்ச் சேர்வது அந்த முகவரி. கேள்விக்குறியும் எண்களுமாக இருந்தால் தொடத் தயங்குவார்கள். 'ஏற்காடு காபி' என்று படிக்க முடிந்தால் தைரியமாகத் திறப்பார்கள். முகவரியை அப்படியே இன்னொரு தளத்தில் ஒட்டினால், அதில் உள்ள சொற்களே அந்த இணைப்பின் விளக்கமாகவும் ஆகிவிடும். ஆகவே ஒரு பக்கத்துக்கு இரண்டு, மூன்று சொல் போதும். சொற்களுக்கு நடுவே சிறு கோடு, அதாவது ஹைஃபன் போடுங்கள், அடிக்கோடு வேண்டாம். கூகுளின் பரிந்துரையும் இதுதான்.

எந்தச் சொல் என்பதில் நம் மலைக்கு ஒரு வசதியும் ஒரு சிக்கலும் உண்டு. சேலம் என்ற பெயரில் அமெரிக்காவில் ஓரெகன் மாநிலத் தலைநகர் இருக்கிறது. மாசசூசெட்ஸிலும் புகழ்பெற்ற ஒரு சேலம் இருக்கிறது. வெறும் 'சேலம் ஹோம்ஸ்டே' என்று ஆங்கிலத்தில் வைத்தால் அந்த ஊர்களோடும் சேர்ந்து நிற்க வேண்டும். ஏற்காடு என்ற பெயருக்கு அப்படிப் போட்டி இல்லை. 'டாட் இன்' என்று முடியும் டொமைன் எடுத்தால், இது இந்தியாவுக்கான தளம் என்பது தேடுபொறிக்கு இன்னும் தெளிவாகும்.

சிக்கல் எழுத்துக்கூட்டலில். சேர்வராயன் மலையை ஆங்கிலத்தில் பலர் பலவிதமாக எழுதுகிறார்கள். இந்தியக் காபி வாரியம் தனி அடையாளச் சின்னம் கொடுத்திருக்கும் 13 காபிப் பகுதிகளில் நம் மலையும் ஒன்று. அந்தச் சின்னத்தில் உள்ள எழுத்துக்கூட்டலும் வரைபடங்களில் வழக்கமாக உள்ளதும் ஒன்றல்ல. இதற்காக ஒவ்வொரு கூட்டலுக்கும் ஒரு டொமைன் வாங்க வேண்டியதில்லை. பரவலாக உள்ள ஒன்றை முகவரியில் வைத்து, மற்றவை பக்கத்தின் எழுத்துக்குள் இயல்பாக வரும்படி செய்தால் போதும்.

தமிழிலேயே முகவரி வைக்கலாமா? வைக்கலாம். வாசகரின் மொழியில் முகவரி இருக்கட்டும் என்றே கூகுளும் சொல்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவின் முகவரிகள் தமிழில்தான் இருக்கின்றன. ஆனால் நகலெடுத்து ஒட்டும்போது பல இடங்களில் ஒவ்வொரு குறியும் சதவீதக் குறியோடு ஒன்பது எழுத்துகளாக நீண்டுவிடுகிறது. 'ஏற்காடு' என்ற ஒரே சொல் 63 எழுத்துகளாகிறது! விளம்பரத் தட்டியிலோ காபிப் பொட்டலத்திலோ அச்சிட அது உதவாது. எனவே சிறு தொழில் செய்கிறவர்கள் முகவரியை ரோமன் எழுத்தில் சுருக்கமாக வைத்துக்கொண்டு, பக்கத்தைத் தாராளமாகத் தமிழில் எழுதலாம். உள்ளே இருக்கும் தமிழைத் தேடுபொறி நன்றாகவே படிக்கிறது.

இனி, மிக முக்கியமாக நான் நினைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். முகவரியை அடிக்கடி மாற்றக் கூடாது. வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998இலேயே இதைத் தனிக் கட்டுரையாக எழுதி வலியுறுத்தினார். ஏற்காட்டில் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கும்போது, பல தளங்களில் அந்த ஆண்டின் எண்ணைச் சேர்த்துப் புதுப் பக்கம் தொடங்குவார்கள். விழா முடிந்ததும் அது அனாதையாகிவிடும். மறு ஆண்டு இன்னொன்று. பத்திரிகைகளும் பயண எழுத்தாளர்களும் கொடுத்த இணைப்புகள் பழைய பக்கத்திலேயே தங்கிவிடும். 'ஏற்காடு கோடை விழா' என்று ஆண்டில்லாத ஒரே முகவரி வைத்து, ஒவ்வொரு ஆண்டும் அதன் உள்ளடக்கத்தைப் புதுப்பித்தால், அந்த இணைப்புகள் எல்லாம் ஒரே இடத்தில் சேரும். மாற்றியே தீர வேண்டும் என்றால், பழைய முகவரிக்கு வருகிறவரைப் புதியதற்கு நிரந்தரமாக அனுப்பும் 301 என்ற ஏற்பாட்டைச் செய்யச் சொல்லுங்கள். குறைந்தது ஓராண்டாவது அது இருக்கட்டும் என்கிறது கூகுள். ஏற்கெனவே நன்றாக ஓடும் பக்கத்தின் முகவரியை, சொல் சேர்ப்பதற்காக மட்டும் மாற்றுவது நட்டம்தான்.

முகவரிக்குச் செலவிட இருந்த பணத்தையும் நேரத்தையும் பக்கத்தின் உள்ளே போடுங்கள். மலையில் வாழ்கிறவருக்குத் தெரிந்தது வெளியூரில் உட்கார்ந்து தளம் நடத்துகிறவருக்குத் தெரியாது. உங்கள் வீட்டிலிருந்து சேர்வராயன் கோயிலுக்கு எந்த வழி, கிளியூர் அருவியில் எந்த மாதம் தண்ணீர் விழும், கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, டிசம்பர் இரவில் எத்தனை போர்வை வேண்டும் என்று எழுதுங்கள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி.காக்பர்ன் இங்கே காபியைக் கொண்டுவந்த வரலாற்றை எழுதுங்கள். சில்வர் ஓக் நிழலில் விளைந்த உங்கள் அராபிகா பழத்தை எப்போது பறித்தீர்கள், எப்படி உலர்த்தினீர்கள் என்று படத்தோடு காட்டுங்கள். இவற்றைத்தான் மக்கள் தேடுகிறார்கள்.

முதல் பக்கத்துக்கு யாரும் உறுதி தர முடியாது. தருகிறேன் என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். ஊர்ப்பெயரும் உங்கள் பெயரும் கொண்ட எளிய முகவரி ஒன்றை எடுத்து, அதை ஆண்டுக்கணக்கில் காப்பாற்றுங்கள். இதற்கு ஆகும் செலவைச் சிறு தோட்டக்காரரும் தாங்க முடியும். பெரிய விடுதிகளோடு போட்டி போட அவருக்கு இருக்கும் உண்மையான வழி இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

(அடுத்த வாரம்: வரைபடத்தில் உங்கள் கடையைச் சேர்ப்பது எப்படி?)