வகுப்பறையில் வறுமைக்கோடு

உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவரிடம் 'வறுமைக்கோடு என்றால் என்ன?' என்று கேட்டால், பாடநூலில் உள்ள வரையறையைத் தயங்காமல் ஒப்பிப்பார். 'அந்தக் கோட்டை யார், எதை வைத்து வரைந்தார்கள்?' என்று அடுத்த கேள்வியைக் கேட்டால், மௌனமே பெரும்பாலும் விடையாகக் கிடைக்கும். கல்லூரியில் பொருளியல் கற்பித்த காலம் முழுவதும், முதலாண்டு வகுப்புகளில் இந்த மௌனத்தை நான் சந்தித்திருக்கிறேன்.

இதற்காக மாணவர்களைக் குறை சொல்வதற்கில்லை. வறுமை குறித்த பாடம் சில சதவீதங்களாகவும் சில திட்டங்களின் பெயர்களாகவும் சுருங்கிவிட்டது. பத்தாம் வகுப்புக்குப் பிறகு அறிவியல் பிரிவுக்கோ தொழிற்கல்விக்கோ செல்லும் மாணவர்கள் பொருளியலை மீண்டும் சந்திப்பதே இல்லை. ஆனால், பதினெட்டு வயதில் அவர்கள் அனைவரும் வாக்காளர்கள் ஆகிறார்கள். எனவே, வறுமையையும் ஏற்றத்தாழ்வையும் முறையாகப் புரிந்துகொள்ள அவர்களுக்குக் கிடைக்கும் கடைசி வாய்ப்பு உயர்நிலை வகுப்புதான்.

வறுமைக்கோடு மனிதர்கள் வரைந்த கோடு என்பதிலிருந்து பாடம் தொடங்க வேண்டும். ஒரு மனிதன் உயிர் வாழக் குறைந்தபட்சம் எவ்வளவு செலவாகும் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தாதாபாய் நௌரோஜி கணக்கிட்டார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட அளவுகோல்களுள் ஒன்று, சிறைக் கைதிகளுக்கு வழங்கப்பட்ட உணவு. பின்னர், 1979-இல் திட்டக் குழுவின் பணிக்குழு, நாளொன்றுக்குக் கிராமங்களில் 2,400 கலோரி, நகரங்களில் 2,100 கலோரி என உணவின் ஆற்றலை அடிப்படையாகக் கொண்டது.

டெண்டுல்கர் குழுவின் முறைப்படி 2011-12-ஆம் ஆண்டுக்கான வறுமைக்கோடு, ஒரு நபருக்கு மாதம் கிராமப்புறத்தில் ரூ.816, நகர்ப்புறத்தில் ரூ.1,000. அதே ஆண்டுக்கு ரங்கராஜன் குழு பரிந்துரைத்த கோடு ரூ.972, ரூ.1,407. இந்த எண்களை முப்பதால் வகுத்துப் பார்க்குமாறு மாணவர்களிடம் கூறலாம். கிராமத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ ரூ.27 என்பது ரூ.32 ஆகிறது, நகரத்தில் ரூ.33 என்பது ரூ.47 ஆகிறது.

இந்த மாற்றத்தால், நாட்டின் ஏழைகள் 21.9 சதவீதத்திலிருந்து 29.5 சதவீதமாக உயர்ந்தனர். அதாவது, ஏறத்தாழ 27 கோடிப் பேர் 36 கோடியாயினர். ஒன்பது கோடி மனிதர்களின் வாழ்க்கையில் எதுவும் மாறவில்லை. கோடு மட்டுமே நகர்ந்தது. வறுமை குறைந்தது, கூடியது என்ற செய்தியைப் படிக்கும்போதெல்லாம் 'எந்தக் கோட்டின்படி?' என்று கேட்கும் பழக்கம் இந்த ஒரு கணக்கால் மாணவர்களுக்கு வந்துவிடும்.

அடுத்ததாக, ஒரு கற்பனைக் குடும்பத்தின் வரவு செலவை மாணவர்கள் திட்டமிட வேண்டும். டெண்டுல்கர் கோட்டில் நிற்கும் ஐந்து பேர் கொண்ட கிராமக் குடும்பத்துக்கு, அன்றைய விலைவாசியில் மாதச் செலவு ரூ.4,080. அரிசி, பருப்பு, எண்ணெய், விறகு, துணி, பேருந்துக் கட்டணம் என அதைப் பிரித்து எழுதட்டும். எழுதி முடித்ததும், 'தந்தைக்குக் காய்ச்சல். பத்து நாள் வேலைக்குச் செல்ல முடியவில்லை' என்று ஆசிரியர் சொல்லட்டும். எதை வெட்டுவது, யாரிடம் கடன் வாங்குவது, வட்டியை எப்படிக் கட்டுவது என்று அவர்கள் விவாதிக்கத் தொடங்குவார்கள். உழைக்காததால்தான் ஏழையாக இருக்கிறார்கள் என்ற எளிய தீர்ப்பு அந்த விவாதத்தில் நிலைக்காது.

ஏற்றத்தாழ்வு என்பது வறுமையிலிருந்து வேறுபட்டது. வறுமை குறையும்போதே ஏற்றத்தாழ்வு கூடவும் இயலும். இங்கே மாணவர்கள் முதலில் கடக்க வேண்டியது 'சராசரி' என்ற மாயையை. ஒன்பது பேருக்குத் தலா ரூ.10,000, ஒருவருக்கு ரூ.1,10,000 வருமானம் என்றால், சராசரி ரூ.20,000. ஆனால், அந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூட ரூ.20,000 ஈட்டவில்லை. தலா வருமானம் உயர்ந்தது என்ற செய்தியை எப்படி அணுக வேண்டும் என்பதற்கு இதைவிட எளிய பாடம் இல்லை.

மேல்வகுப்புகளில் இன்னும் ஒரு படி செல்லலாம். பூஜ்ஜியம் என்றால் முழுச் சமத்துவம், நூறு என்றால் அனைத்தும் ஒருவரிடமே என்று அளக்கும் கினிக் குறியீடு இந்தியாவுக்கு 2022-23-இல் 25.5 என்கிறது உலக வங்கி. இதைச் சுட்டிக்காட்டியே, ஏற்றத்தாழ்வு மிகக் குறைந்த நாடுகளுள் இந்தியாவும் ஒன்று என்று 2025-இல் பேசப்பட்டது. அதே 2022-23-இல் நாட்டின் வருமானத்தில் 22.6 சதவீதமும் சொத்தில் 40.1 சதவீதமும் உச்சியில் உள்ள ஒரு சதவீதத்தினரிடம் இருப்பதாக உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் மதிப்பிட்டுள்ளது.

ஒரே நாட்டைப் பற்றி இரு வேறு சித்திரங்கள் எப்படி உருவாகின்றன? முதலாவது நுகர்வுச் செலவை அளக்கிறது; இரண்டாவது வருமானத்தையும் சொத்தையும் அளக்கிறது. செல்வந்தர் தமது வருமானம் முழுவதையும் செலவிடுவதில்லை. எஞ்சுவது நிலமாகவும் பங்காகவும் சேர்கிறது. ஏழையோ ஈட்டியதை எல்லாம் செலவிட்டே ஆக வேண்டும். ஆகவே, செலவில் தெரியும் இடைவெளி சொத்தில் உள்ள இடைவெளியைவிடச் சிறிதாகவே இருக்கும். இரு மதிப்பீடுகளுக்கும் வரம்புகள் உண்டு. அந்த வரம்புகளோடு சேர்த்தே கற்பித்தால், கட்சி மேடைகளில் வீசப்படும் புள்ளிவிவரங்களை நிதானமாக எடைபோடும் திறன் மாணவர்களுக்கு வாய்க்கும்.

இப்பாடத்தில் ஆசிரியர் மறக்கக்கூடாத ஒன்று உண்டு. பாடநூல் 'ஏழைகள்' என்று படர்க்கையில் குறிப்பிடும் மனிதர்களின் பிள்ளைகள் அதே வகுப்பறையில் அமர்ந்திருக்கிறார்கள். 'உன் வீட்டு வருமானம் எவ்வளவு?' என்று எந்த மாணவரையும் எழுந்து சொல்ல வைக்கக் கூடாது. அந்தக் கூச்சம் பாடம் முடிந்த பின்னரும் நீங்காது. கற்பனைக் குடும்பத்தைக் கொண்டு கணக்கிடச் சொல்வதன் காரணமும் அதுவே. ஏழைகளின் மீது இரக்கத்தை மட்டும் ஊட்டும் பாடமும் அந்த மாணவரை வேறொரு வகையில் தலைகுனியச் செய்யும்.

அவர் தலைநிமிரும் வகையில் சொல்ல நம்மிடம் வரலாறு இருக்கிறது. காமராஜர் காலத்து மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவுபடுத்திய சத்துணவு, 2022-இல் தொடங்கிய காலை உணவு எனப் பசிக்கும் கல்விக்கும் உள்ள தொடர்பை அரசுகள் அடுத்தடுத்து உணர்ந்து செயல்பட்ட மாநிலம் இது. உடல்நலம், கல்வி, வாழ்க்கைத் தரம் ஆகியவற்றை அளக்கும் நீதி ஆயோக்கின் பன்முக வறுமைக் குறியீட்டில், 2015-16-இல் 4.76 சதவீதமாக இருந்த தமிழகத்தின் வறுமை 2019-21-இல் 2.20 சதவீதமாகக் குறைந்தது. வறுமை விதியன்று, முடிவுகளால் மாறக்கூடியது என்பதற்கு இவை சான்றுகள்.

இதற்கெல்லாம் புதிய பாடநூலோ கூடுதல் நிதியோ தேவையில்லை. ஒரு கரும்பலகையும், நான்கு பாடவேளைகளும், 'ஏன்?' என்ற கேள்வியை வரவேற்கும் ஓர் ஆசிரியரும் போதும். பொதுத்தேர்விலும் வரையறையைக் கேட்பதற்குப் பதிலாக, ஒரு குடும்பத்தின் கணக்கைக் கொடுத்துக் காரணம் கேட்கும் ஒரு வினா இடம்பெறட்டும். தேர்வு மாறினால் கற்பித்தலும் மாறும் என்பது ஆசிரியர்கள் அனைவரும் அறிந்ததே.