பயம் வந்தால் என்ன செய்வது?



கொஞ்ச காலத்துக்கு முன் ஒரு கல்யாண வீட்டுக்காக யாழ்ப்பாணப் பக்கம் சுன்னாகம் போயிருந்தோம். அங்குள்ள சந்தையில் நம்ம மலைநாட்டுக் கரட்டையும் லீக்ஸையும் கண்டதும் சொந்தக்காரரைக் கண்ட மாதிரி இருந்தது. மறுநாள் பக்கத்து ஊரான கந்தரோடைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். சைக்கிளில் போகிற தூரம்தான். பனைமரங்களுக்கு நடுவே, பானைகளைக் கவிழ்த்து வைத்த மாதிரி சின்னச் சின்ன தாதுகோபங்கள் பல நிற்கின்றன. 1917-ம் ஆண்டளவில் போல் ஈ. பீரிஸ் என்ற அறிஞர் அந்த இடத்தைத் தோண்டி ஆராய்ந்தார். 1970-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தாரும் வந்து ஆராய்ந்தார்கள்.

அதை யார் கட்டினார்கள் என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வாதம் எங்களுக்கு வேண்டாம். பௌத்தம் என்றால் அது சிங்கள ஆட்களுடைய சமயம், நமக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை என்று லயத்தில் பலர் நினைக்கிறோம். ஆனால் ஒரு காலத்தில் தமிழரிலும் பௌத்தர்கள் நிறைய இருந்தார்கள். சீத்தலைச் சாத்தனார் பாடிய மணிமேகலை தமிழ்ப் பௌத்த காப்பியம்தானே. பிற்காலத்தில், நீலகிரியில் வளர்ந்த அயோத்திதாசப் பண்டிதர் 1898-ல் கொழும்புக்கு வந்து பஞ்சசீலம் ஏற்றார். பின் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளிகள் பலர் அவர் பின்னால் போனார்கள். சாதியின் பெயரால் தாழ்த்தப்பட்டவர்கள் தலை நிமிர்ந்து நிற்க அந்த வழியில் தைரியம் தேடினார்கள்.

உங்கள் சாமியை விட்டுவிட்டு வாருங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. மாரியம்மனைக் கும்பிடுகிறவரும் மாதா கோயிலுக்குப் போகிறவரும் கூட எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு நல்ல பாடம் அதில் இருக்கிறது. அது பயத்தைப் பற்றியது.

புத்தர் ஞானம் பெறுவதற்கு முன் இரவில் தனியாகக் காட்டில் இருந்து பார்த்தார். ஒரு மிருகம் வரும், மயில் சுள்ளியை முறிக்கும், காற்றில் சருகு அசையும். உடனே பயம் வரும். அவரும் பயந்தார் என்பதைக் கவனியுங்கள். ஆனால் அவர் ஒரு முடிவு எடுத்தார். நடக்கும்போது பயம் வந்தால், அது அடங்கும் வரை நடந்துகொண்டே இருப்பது. நிற்கும்போது வந்தால் நின்றபடியே இருப்பது. பயம் சொல்கிற இடத்துக்கு ஓடுவதில்லை. பயமே இல்லாதவன்தான் தைரியசாலி என்று நாம் நினைக்கிறோம். அது சரியில்லை.

எங்களுக்குத் தெரிந்த ஒரு அக்கா கொழுந்து பறிக்கிறவர். நிறுக்கும் இடத்தில் தினமும் கிலோ கழிக்கிறார்கள், எதுக்கு என்று கேட்க அவருக்குப் பயம். ஒருநாள் கேட்டே விட்டார். "முழங்கால் ரெண்டும் நடுங்கிச்சுங்க. ஆனா நகரல" என்று எங்களிடம் சொன்னார். அன்றைக்குக் கிடைத்த பதில் பெரிசா ஒன்றுமில்லை. மறுநாள் அவரோடு இன்னும் மூன்று பேர் கேட்டார்கள்.

ஆனால் இதைத் தப்பாக விளங்கிக்கொள்ளக் கூடாது. அடி விழுகிற இடத்தில் பொறுத்துக்கொண்டு நிற்பது தைரியம் இல்லை. அங்கிருந்து வெளியே வந்து உதவி கேட்பதுதான் தைரியம். பெண்களுக்கு 1938, பிள்ளைகளுக்கு 1929 என்ற தொலைபேசி இலக்கங்கள் இருக்கின்றன.

புத்தர் இன்னொன்றும் சொன்னார். உடலாலும் வாயாலும் மனசாலும் பிழை செய்கிறவனுக்குக் காட்டில் பயம் கூடும் என்றார். பஞ்சசீலம் என்பது கொல்லாமை, களவெடுக்காமை, தவறான உறவு கொள்ளாமை, பொய் சொல்லாமை, குடியாமை என்ற ஐந்தும். இவற்றைக் காக்கிறவன் மற்ற உயிர்களுக்கு அச்சமின்மையைத் தானமாகக் கொடுக்கிறான் என்று பௌத்த நூல் சொல்கிறது. கையில் சல்லி இல்லாதவனும் கொடுக்கக்கூடிய தானம் இது!

சம்பள நாள் இரவை நினைத்துப் பாருங்கள். தவறணையில் இருந்து அப்பா வருகிற இருமல் சத்தம் கேட்டதும், புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் காம்பராவுக்கு ஓடுகிற பிள்ளைகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். அந்தப் பிள்ளைக்குக் காட்டுப் புலியும் அப்பாவும் ஒன்றுதான். துரைக்கு முன்னால் நாம் பயப்படுகிறோம் என்று வருத்தப்படுகிறோமே, நமக்கு முன்னால் யார் பயப்படுகிறார்கள் என்றும் பார்க்க வேண்டாமா?

மணிமேகலையில் சாதுவன் கதை வருகிறது. சூதிலும் கணிகை வீட்டிலும் எல்லாப் பணத்தையும் தொலைத்தவன். சம்பாதிக்கக் கடலுக்குப் போனான், கப்பல் உடைந்தது. ஒதுங்கின கரையில் மனிதரைத் தின்கிற நாகர்கள் கொல்ல வந்தார்கள். அவன் ஓடாமல் அவர்கள் பாஷையிலேயே பேசினான். தலைவன் சந்தோசப்பட்டுக் கள்ளும் இறைச்சியும் பெண்ணும் கொடுக்கச் சொன்னான். வேண்டாம் என்றான் சாதுவன். தலைவனுக்குக் கோபம் வந்தபோதும் பொறுமையாக விளக்கினான். கடைசியில், கப்பல் உடைந்து வருகிறவர்களைக் கொல்லுவதில்லை என்று அந்தத் தலைவனையே மாற்றிவிட்டுத் தன் மனைவி ஆதிரையிடம் திரும்பிப் போனான். ஒரு காலத்தில் கெட்டுப்போனவன்தான் அவனும். ஆகவே "எனக்கு இனி முடியாது" என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

எப்படித் தொடங்குவது? காலையில் பெரட்டுக்குப் போகும் முன் ஐந்து நிமிசம் உட்கார்ந்து மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கவனியுங்கள். பிறகு ஐந்தில் ஒன்றை இன்றைக்கு மட்டும் என்று எடுங்கள். போயாவில் சில் எடுக்கிறவர்களும் ஒரு பகல், ஒரு இரவுக்குத்தான் எடுக்கிறார்கள். போயாவுக்குத் தவறணை பூட்டு என்று முதல்நாளே போத்தல் வாங்கி வைத்தால் மட்டும் பலன் இல்லை! இரவில், இன்றைக்கு என் சொல்லால், செயலால் யாருக்குப் பயம் வந்தது என்று கேட்டுப் பாருங்கள். புத்தர் தன் மகன் ராகுலனுக்கும், கண்ணாடி பார்ப்பது போல உன் செயலைப் பார் என்றுதான் சொன்னார்.

ஒரு எச்சரிக்கை. பல வருசமாகத் தினமும் நிறையக் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் கூட வரலாம். தோட்டத்து டாக்டரிடமோ ஆஸ்பத்திரியிலோ கேட்டு நிறுத்துங்கள். அப்படிப் போய்க் கேட்பதும் தைரியம்தான்.

எங்கள் தோட்டத்தில் ஒரு தம்பி இப்படித் தொடங்கி இரண்டு தரம் விழுந்தார். மூன்றாம் தரமும் தொடங்கியிருக்கிறார். போன சம்பள நாள் இரவு அவர் இருமிக்கொண்டு வந்தபோது பிள்ளை புத்தகத்தை மூடவில்லை. இருந்த இடத்திலேயே இருந்து படித்துக்கொண்டிருந்தது.