இடர் கடந்த விமானியின் ஆறுதல்

இடரினுட் செயலாற்றுவோனுக்கு அஞ்சுவதற்கும் அவகாசமில்லை. அச்சமும் ஆறுதலும் இடர் தீர்ந்த பின்னரே ஒருங்கு வெளிப்படுகின்றன. 1982 ஆம் ஆண்டு யூன் 24 ஆம் நாளிரவு கப்டன் எரிக் மூடி செலுத்திய பிரித்தானிய விமானத்தின் வரலாறு இதனை ஆராய்தற்கு ஏற்றதாகும்.

கோலாலம்பூரிலிருந்து பேர்த் நகரை நோக்கிச் சென்ற அப்போயிங் 747 விமானத்தில் 263 பேர் இருந்தனர். யாவாத் தீவினருகே 37,000 அடி உயரத்திற் பறக்கையில் முகப்புக் கண்ணாடியில் மின்னொளி படர்ந்தது. கந்தக நாற்றமுடைய புகை உள்ளே பரவிற்று. சில நிமிடங்களுள் நான்கு இயந்திரங்களும் நின்றன.

காலுங்குங் எரிமலை கக்கிய சாம்பலே இதற்குக் காரணம். நீர்த்துளிகளைக் காட்டும் வானிலை றேடார் உலர்ந்த சாம்பலைக் காட்டவில்லை. இயந்திரத்துட் புகுந்த சாம்பல் எரியறையின் வெப்பத்தால் உருகிச் சுழலி அலகுகளிற் கண்ணாடிபோற் படிந்து காற்றோட்டத்தைத் தடுத்தது. இயந்திரம் நின்று குளிர்ந்தபோது அப்படிவு இறுகி உடைந்து உதிர்ந்தது. நின்றமையே மீண்டும் இயங்குதற்கு வழியாயிற்று! மிதந்து இறங்கிய விமானம் ஏறத்தாழ 13,000 அடி உயரத்தில், சாம்பலற்ற வெளியில், உயிர்பெற்றது.

எனினும் ஆறுதலடையக் காலம் வரவில்லை. இயந்திரங்களுள் ஒன்று மீண்டும் பழுதுற்றது. சாம்பல் தேய்த்த முகப்புக் கண்ணாடி ஒளிபுகாத் தகடாயிற்று. அதன் ஓரத்துச் சிறு பகுதியூடே நோக்கியே யகார்த்தாவில் விமானத்தை இறக்கினர். ஒருவர்க்கும் ஊறு நேரவில்லை.

ஆபத்து வேளையில் அதிரினலீன் என்னும் சுரப்பு குருதியிற் கலந்து நாடியை விரைவுபடுத்தும், தசைகளை இறுக்கும். ஆபத்து நீங்கினும் அதன் விளைவு உடனே தணிவதில்லை. ஆதலின், தப்பியோரின் கை நடுங்குதலும் கண்ணீர் சொரிதலும் கோழைமையல்ல. உடல் தன் இயல்புநிலைக்கு மீளும் வழியே.

ஆயின், ஆறுதலோடு அமைந்துவிடுதல் தகுமோ? மூன்று வாரங்களுள் மற்றொரு பெருவிமானமும் அதே வான்பகுதியிற் சாம்பலில் அகப்பட்டது. 1989 இல் அலாஸ்காவிலும் ஒரு போயிங் 747 நான்கு இயந்திரங்களையும் இழந்து மீண்டது. இவற்றின் பயனாகவே எரிமலைச் சாம்பலைக் கண்காணித்து விமானிகளை எச்சரிக்கும் ஒன்பது நிலையங்கள் உலகில் அமைந்தன. தப்பியவன் விடும் நெடுமூச்சு அவனுக்கே உரியது. அவன் தப்பிய காரணத்தை ஆராய்ந்தறியும் அறிவோ பின்வருவோர் அனைவர்க்கும் உரியதாகும்.