ஈரோடு: இருப்புப்பாதைகள் கூடும் வாணிக நகரம்

காவிரியின் மேற்குக் கரையில் அமைந்த ஈரோடு, மஞ்சளுக்கும் துணிக்கும் பெயர்பெற்ற நகரம். சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரையை நோக்கிய இருப்புப்பாதை 1862ஆம் ஆண்டிற்குள் இவ்வூர் வழியே நிறைவெய்தியது. அதே பத்தாண்டில் திருச்சியிலிருந்து கரூர் வழியாக வந்த மற்றொரு பாதையும் இங்கே சேரவே, ஈரோடு சந்திப்பு நிலையமாயிற்று.

சந்திப்பு என்றாலே சரக்கு தடையின்றிச் செல்லும் என்று கருதலாகாது. திருச்சிப் பாதை பின்னர் மீட்டர் பாதையாக மாற்றப்பட்டது; கோவைப் பாதையோ அகலப் பாதை. ஒன்றின் வண்டி மற்றொன்றில் ஓடாது. ஆகவே, திருச்சிப் பக்கத்திலிருந்து மேற்கே செல்லவேண்டிய ஒவ்வொரு மூட்டையையும் ஈரோட்டில் இறக்கி, வேறு வண்டியில் ஏற்ற நேர்ந்தது. கூலி, தாமதம், சேதம் என மூன்று சுமைகள் சரக்கின் விலையில் ஏறின. 1930ஆம் ஆண்டிற்கு முன்பே திருச்சிப் பாதை மீண்டும் அகலப் பாதையாக்கப்பட்ட பின்னரே இத்தொல்லை தீர்ந்தது.

இன்று ஈரோடு, 2007இல் அமைந்த சேலம் கோட்டத்தைச் சேர்ந்தது. டீசல் என்ஜின்களுக்கும் மின்சார என்ஜின்களுக்கும் இங்கே பணிமனைகள் உள்ளன.

பாதை கூடுமிடத்தில் சந்தையும் கூடுகிறது. சுற்றுப்புற உழவர்கள் மஞ்சளை வேகவைத்து, உலர்த்தி, மெருகேற்றி, விரலி, கிழங்கு எனப் பிரித்து ஈரோட்டுச் சந்தைக்குக் கொணர்கின்றனர். 2019இல் ஈரோட்டு மஞ்சள் புவிசார் குறியீடு பெற்றது. பவானியின் ஜமக்காளமும் சென்னிமலையின் போர்வையும் இவ்வட்டாரத்துத் தறிகளின் புகழை வெளியூர்களுக்கு எடுத்துச் செல்கின்றன.

ஆயினும் பாதை அருகில் இருப்பதனாலேயே உழவனுக்கு நல்ல விலை கிட்டிவிடாது. நான்கு மூட்டை மஞ்சளுடன் தனியே வருபவன், கைச்செலவுக்காக அன்றைய விலைக்கே விற்றுத் திரும்ப வேண்டியவனாகிறான். பத்துப் போர்வை நெய்தவனின் நிலையும் அதுவே. கூட்டுறவு விற்பனைச் சங்கத்தின் கிடங்கிலோ பலருடைய சரக்கு ஒருங்கு சேர்கிறது, தரம் பிரிக்கப்படுகிறது, பல வியாபாரிகள் போட்டியிட்டு விலை கூறுகின்றனர். வண்டி நிறையச் சரக்கு சேர்ந்தால் ஏற்றுக்கூலியும் குறைகிறது.

இன்று சரக்கு இரயிலில் சென்றாலும் லாரியில் சென்றாலும் இந்தக் கணக்கு மாறுவதில்லை. இருப்புப்பாதைகளைச் சேர்த்து ஊரை வளர்த்தது அரசும் கம்பெனிகளும். சரக்கைச் சேர்த்து விலையை உயர்த்துவது அங்கத்தினராகிய நம் பொறுப்பு.