பாட்டுப் புத்தகத்தின் வர்ணம்

ஏவி.எம். ஸ்டூடியோ காரைக்குடியிலிருந்து கோடம்பாக்கத்துக்கு 1948-இல் வந்து சேர்ந்த காலத்தில், ஒரு படம் வெளியாகும்போது சுவரொட்டியும், தெருத்தெருவாக விநியோகிக்கும் நோட்டீசும், கொட்டகையில் சொற்ப விலைக்கு விற்கும் பாட்டுப் புத்தகமும் உடன் வெளிவருவது வழக்கம். பாடல்களை முழுமையாகத் தந்து, கதையை மட்டும் பாதியில் நிறுத்தி, மீதியை வெள்ளித்திரையில் காணுமாறு அழைக்கும் அப்புத்தகங்களைப் பலரும் நட்சத்திரங்கள் மீதுள்ள அபிமானத்தால் சேகரிக்கிறார்கள். அட்டையின் வர்ணம் காகிதத்தில் ஏறிய விதத்தையும் அறிந்து நோக்கினால் அந்த ஆனந்தம் பன்மடங்காகும் என்பது என் துணிபு.

பவேரியாவில் 1796-ஆம் ஆண்டையொட்டி அலோய்ஸ் செனஃபெல்டர் கண்டறிந்த கல்லச்சு, எண்ணெய்ப்பசையும் நீரும் ஒட்டா என்ற தத்துவத்தின்மேல் நிற்பது. சீராகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லில், கொழுப்புச் சேர்ந்த மையினால் சித்திரத்தை இடவலம் மாற்றி எழுதி, கல்லைப் பதப்படுத்தி, நீரால் நனைத்து, அதன்மேல் மை உருளையை ஓட்டினால், எழுதிய இடம் மையை ஏற்கும். ஈரமான வெற்றிடம் அதை மறுக்கும். வர்ணப் படமாயின் ஒவ்வொரு வர்ணத்துக்கும் தனிக்கல் வேண்டும்: நாயகியின் கன்னச் சிவப்புக்கு ஒன்று, சேலையின் நீலத்துக்கு வேறொன்று. ரவிவர்மா 1894-இல் பம்பாயில் நிறுவிய அச்சகத்தின் தெய்வப் படங்கள் இவ்வாறே பிறந்து வீட்டுப் பூஜையறைகளை அடைந்தன. பின்னர் கல்லின் ஸ்தானத்தைத் துத்தநாகத் தகடும் பெற்றது.

பிளாக் அச்சு வேறு வகை. புகைப்படத்தை நுண்ணிய கட்டங்கள் கொண்ட கண்ணாடித் திரை வழியே புள்ளிகளாகப் பிரித்து, உலோகத் தகட்டில் பதித்து, புள்ளிகள் மட்டும் மேடாக நிற்கும்படி மற்ற இடத்தை அமிலத்தால் அரிப்பார்கள். பூதக்கண்ணாடியில் அப்புள்ளிகள் வரிசை தவறாமல் தெரியும். கையால் எழுதிய கல்லச்சிலோ சித்திரக்காரர் இழைத்த மெழுகுக் கோலின் ஒழுங்கற்ற துகள்கள் தெரியும். வர்ணங்கள் சற்று விலகி விழுந்த பிரதியைச் சேகரிப்போர் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கோ அதுவே பிரியமானது. உதட்டைத் தாண்டி வழிந்த சிவப்பைக் கண்டபோதுதான், ஒரே படமாகத் தெரிவது தனித்தனி அச்சுகளின் சேர்க்கை என்பது விளங்குகிறது.

இத்தகைய துண்டுக் காகிதங்களையும் நூல்களோடு நூல்களாகப் போற்றியவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. 1992-இல் அவர் மறைந்தபின், சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் அவருடைய சேகரம் சென்னைக்கு வந்து, 1994-இல் ஆராய்ச்சி நூலகமாயிற்று. இன்று அது தரமணியில் இருக்கிறது.

வீட்டில் வைத்திருப்போர் கிழிந்த அட்டையைச் செல்லோடேப்பால் ஒட்டலாகாது. அதன் பசை காகிதத்தில் ஊறிப் பழுப்பேற்றும். லாமினேஷனும் வேண்டாம். வெயிலும் ஈரமும் படாத இடத்தில், அமிலமற்ற காகித உறைக்குள் வைத்து, இராமபாணப் பூச்சி ஏறாதபடி அவ்வப்போது திறந்து பார்த்து வரவேண்டும்.